நீர்ப்பறவைகளை எண்ணுவது எப்படி

ஏரிக்குப் போய் வந்தவரிடம் வாத்து எத்தனை இருந்தது என்று கேட்டால் "ஏகப்பட்டது" என்பார். அந்த ஏகப்பட்டது முந்நூறா மூவாயிரமா என்று அவருக்கே தெரியாது. அடுத்த ஆண்டும் அதே ஏரியில் ஏகப்பட்டதுதான் இருக்கும். நடுவில் பாதி குறைந்திருந்தாலும் பார்த்தவர் கண்ணுக்குப் பிடிபடாது. கூட்டமாக வாழும் பறவைகளின் சரிவு பல இடங்களில் இப்படித்தான் கவனிக்கப்படாமல் போகிறது.

எண்ணிக்கை கையில் இருந்தால் கதை வேறு. ஈரநிலங்களைக் காக்க 1971இல் கையெழுத்தான ரம்சார் என்ற பன்னாட்டு உடன்படிக்கையின்படி, ஓர் ஈரநிலம் வழக்கமாக 20,000 நீர்ப்பறவைகளுக்கு இடம் கொடுத்தால், அல்லது ஓர் இனத்தின் தொகையில் நூற்றில் ஒரு பங்கு வழக்கமாக அங்கே தங்கினால், அது பன்னாட்டு முக்கியத்துவம் உள்ள இடமாகத் தகுதி பெறும். இந்த எண்களை யாராவது போய் எண்ணித்தான் தர வேண்டும். 1967இல் ஐரோப்பாவில் தொடங்கிய பன்னாட்டு நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும், 1987 முதல் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் பெரும்பாலும் தன்னார்வலர்களின் கண்களை நம்பியே ஓடுகின்றன. வட அமெரிக்காவில் 1970க்குப் பிறகு ஏறத்தாழ 290 கோடி பறவைகள் குறைந்துவிட்டன என்று 2019இல் வெளியான ஆய்வுக்கும் அடித்தளம் இப்படிப்பட்ட தன்னார்வலர்களின் பல்லாண்டுக் கணக்குகள்தான்.

இதற்குத் தனித் திறமை எதுவும் வேண்டாம். வேண்டியது ஒழுங்கு. எத்தனை பறவை என்பதைப் போலவே எங்கே நின்று, எவ்வளவு நேரம், எப்படி எண்ணினோம் என்பதும் பதிவாக வேண்டும். அது இல்லாத எண்ணை இன்னொரு எண்ணோடு ஒப்பிட முடியாது.

கருவிகள்

பைனாகுலர் 8×42 போதும். 8 என்பது உருப்பெருக்கம், 42 என்பது முன்வில்லையின் விட்டம் மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும்: 8×42இல் 5.25 மி.மீ., 10×42இல் 4.2 மி.மீ. வெளிச்சம் மங்கிய விடியலிலும் அந்தியிலும் இந்த வேறுபாடு தெரியும். 10× வைத்திருப்பவர்கள் தாராளமாக அதையே பயன்படுத்தலாம். கை நடுக்கம் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும், ஒரே பார்வையில் அடங்கும் பரப்பு குறையும், அவ்வளவுதான். ஜூம் பைனாகுலரும் 30× என்று அச்சடித்து வரும் குட்டிப் பைனாகுலரும் இந்த வேலைக்கு ஆகாது. படம் மங்கலாக இருக்கும், கையில் நிற்காது.

புதிதாக வாங்கியவர்கள் பலர் வலக்கண் பக்கத்து வளையத்தைத் தொடுவதே இல்லை. அரை மணி நேரத்தில் தலைவலி வருவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். தொலைவில் உள்ள ஒரு பலகையைப் பாருங்கள். வலக்கண்ணை மூடி, நடுச்சக்கரத்தைத் திருப்பி இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடக்கண்ணை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல் வலப்பக்க வளையத்தை மட்டும் திருப்பித் தெளிவாக்குங்கள். அந்த வளையம் நின்ற இடத்தை நினைவில் வைத்துக்கொண்டால் அதற்குப் பின் நடுச்சக்கரம் மட்டுமே வேலை செய்யும். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் கண்குவளைகளை உள்ளே தள்ளிவிட வேண்டும், போடாதவர்கள் வெளியே இழுத்துக்கொள்ள வேண்டும்.

பறவையைப் பைனாகுலருக்குள் கொண்டுவர முடியவில்லை என்பது ஆரம்பத்தில் எல்லோருக்கும் உள்ள சிக்கல். கருவியைக் கண்ணில் வைத்துக்கொண்டு தேடக் கூடாது. வெறுங்கண்ணால் பறவையைப் பார்த்தபடியே, தலையை அசைக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குத் தூக்க வேண்டும்.

பெரிய ஏரி, கழிமுகம் என்றால் முக்காலியில் பொருத்திய ஸ்கோப் (ஒரு கண்ணால் பார்க்கும் தொலைநோக்கி) தேவைப்படும். 20–60× உள்ள ஸ்கோப்பில் எண்ணும்போது 20–30× தாண்டாதீர்கள். வெயில் ஏறியதும் நீர்ப்பரப்பின் மேல் காற்று நெளியத் தொடங்கும். 60×இல் அந்த நெளிவும் சேர்ந்து பெரிதாகி, உள்ளான் என்ற சிறு கரைப்பறவையும் கல்லும் ஒன்றாகத் தெரியும். இவற்றோடு கட்டைவிரலால் அழுத்தி எண்ணும் கைக்கவுண்டர் ஒன்று, குறிப்பேடு, பென்சில். பேனா வேண்டாம். நனைந்தால் மை பரவி அன்றைய கணக்கையே அழித்துவிடும்.

நேரமும் நிற்கும் இடமும்

சூரியன் உதித்து முதல் மூன்று மணி நேரம் நல்லது. வெளிச்சம் முதுகுப் பக்கமிருந்து வர வேண்டும். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்புதான். காலையில் மேற்கு நோக்கிப் பார்க்கும்படி கிழக்குக் கரையில் நில்லுங்கள். மாலை என்றால் இது தலைகீழ். பலத்த காற்று வீசும் நாளில் வாத்துகள் நாணலுக்குள் ஒதுங்கிவிடும், அலை மறைப்பதால் சிறியவை தப்பிவிடும். அப்படிப்பட்ட நாளைத் தள்ளிப்போடுவதே மேல்.

கடலோரத்தில் நேரத்தைத் தீர்மானிப்பது ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கம். நீர் வற்றும்போது கரைப்பறவைகள் கிலோமீட்டர் கணக்கில் சேற்றில் சிதறிக் கிடக்கும், எண்ண முடியாது. ஓதம் ஏறி உச்சத்தை நெருங்கும்போது எஞ்சிய மேட்டில் நெருக்கியடித்து நிற்கும். உச்சத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னும் பின்னுமே வேலையை முடிக்க வேண்டும். கொக்கு, நீர்க்காகம், அரிவாள் மூக்கன் போன்றவை பகலில் பல இடங்களுக்குப் பிரிந்து போய் இரவில் ஒரே இடத்தில் அடையும். இவற்றை அடையும் மரங்களுக்கு எதிரே நின்று, சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து இருட்டும் வரை, வந்திறங்கும் கூட்டங்களாக எண்ணினால்தான் உருப்படியான தொகை கிடைக்கும்.

போவதற்கு முன் ஏரியின் படம் ஒன்றைத் தாளில் வரைந்து, அசையாத அடையாளங்களை வைத்துப் பகுதிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: மதகிலிருந்து ஒற்றைப் பனை வரை ஒன்று, பனையிலிருந்து மின்கம்பம் வரை இரண்டு என்று. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நிற்குமிடம். இது இல்லாமல் கரையோடு நடந்துகொண்டே எண்ணினால் வளைவுக்கு வளைவு அதே நாமக்கோழிகள் திரும்பத் திரும்பக் கணக்கில் ஏறும். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் கண்ணைக் கருவியிலிருந்து எடுக்காமல் எண்ணைச் சொல்ல, மற்றவர் எழுதட்டும். கூடவே, எழும்பிப் பறக்கும் கூட்டங்களையும் அவரே கவனித்துக்கொள்ளலாம். "7:40, நீலச்சிறகி 60, இரண்டிலிருந்து நான்குக்கு" என்று ஒரு வரி எழுதிவிட்டால் நான்காம் பகுதியில் 60ஐக் கழித்துக்கொள்ளலாம்.

எண்ணுவது

வந்ததும் எண்ணத் தொடங்காதீர்கள். ஐந்து நிமிடம் இடமிருந்து வலமாக முழு நீர்ப்பரப்பையும் ஒருமுறை மேய்ந்துவிடுங்கள். என்னென்ன இனங்கள், எவை பதற்றமாக இருக்கின்றன, வானத்தில் வல்லூறு ஏதாவது சுற்றுகிறதா என்று தெரியும். பதற்றமானவற்றை முதலில் எண்ண வேண்டும். வாத்துக் கூட்டம் ஓடிவரும் நாய் ஒன்றுக்கே எழும்பிப் போய்விடும். முக்குளிப்பானும் தாழைக்கோழியும் ஒரு மணி நேரம் கழித்தும் அங்கேயே இருக்கும்.

சுமார் 100 வரை ஒன்றொன்றாகவே எண்ணலாம். அதற்கு மேல் கட்டம் கட்டி எண்ண வேண்டும். கூட்டத்தின் ஓரத்தில் பத்துப் பறவைகளை உண்மையாகவே எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதிய வையுங்கள். அதே அளவை அடுத்தடுத்து வைத்துக் கூட்டத்தின் மறுமுனை வரை போங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் கவுண்டரில் ஓர் அழுத்தல். கூட்டம் ஆயிரத்தைத் தாண்டினால் பத்தை வைத்து ஐம்பதை, ஐம்பதை வைத்து நூறை உருவாக்கிக்கொண்டு நூற்றுக் கட்டங்களாக நகருங்கள். எடுத்த எடுப்பிலேயே "இது நூறு இருக்கும்" என்று தொடங்கக் கூடாது, எண்ணிப் பார்க்காத நூறு ஆளுக்கு ஆள் மாறும். ஓரங்களில் பறவைகள் பரவலாகவும் நடுவில் அடர்த்தியாகவும் இருக்கும் என்பதால், அடர்ந்த இடம் வந்ததும் கட்டத்தின் அளவைப் புதிதாக எண்ணிச் சரிசெய்ய வேண்டும். ஓரத்தின் அளவையே நடுவிலும் வைத்தால் பாதிப் பறவை விட்டுப்போகும்.

பெரிய கூட்டங்களை நாம் வழக்கமாகக் குறைத்தே மதிப்பிடுகிறோம். கூட்டம் பெரிதாகப் பெரிதாக இந்தக் குறைவும் பெரிதாகும். இதற்கு மருந்து பயிற்சி. கூட்டத்தைப் படம் எடுங்கள். வீட்டில் பத்து விநாடி மட்டும் பார்த்து ஒரு மதிப்பீட்டை எழுதுங்கள். பிறகு திரையில் பெரிதாக்கி ஒவ்வொரு பறவை மேலும் புள்ளி வைத்து எண்ணுங்கள். உங்கள் கண் எந்த அளவுக்குக் குறைத்துப் பார்க்கிறது என்று சில படங்களிலேயே தெரிந்துவிடும். ஆனால் களத்தில் எடுத்த எண்ணை அந்த விகிதத்தால் பெருக்கித் திருத்தி எழுதாதீர்கள். கண்ணைத்தான் திருத்த வேண்டும்.

பறக்கும் கூட்டம் என்றால் அது போகும் திசையை எதிர்த்து, முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்கு எண்ணுவது எளிது. ஆலாக்களைப் போல் சுற்றிச் சுற்றிப் பறப்பவற்றில் ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை தெரிந்தன என்பதே கணக்கு. மூழ்கி இரை தேடும் முக்குளிப்பானிலும் நீர்க்காகத்திலும் எப்போதும் சில நீருக்கடியில் இருக்கும். பகுதியை வேகமாக மூன்று முறை எண்ணி, மூன்றில் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றையும் கூட்டவும் வேண்டாம், சராசரியும் வேண்டாம்.

கலந்து நிற்கும் கூட்டங்களில்தான் நேரம் பிடிக்கும். ஒரே சமயத்தில் இனம் பிரித்து எண்ணப் போனால் இரண்டும் கெடும். முதலில் மொத்தம். பிறகு கூட்டத்தின் வெவ்வேறு இடங்களில் ஸ்கோப்பை நிறுத்தி மாதிரி எடுக்க வேண்டும். மொத்தம் 1,400 வாத்துகள் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து இடங்களில் நாற்பது நாற்பதாக 200 வாத்துகளை இனம் பார்த்ததில் ஊசிவால் வாத்து 124, நீலச்சிறகி 52, தலையைச் சிறகுக்குள் செருகித் தூங்கியதால் இனம் தெரியாதவை 24. விகிதம் முறையே 62, 26, 12 விழுக்காடு. ஆகவே ஊசிவால் 868, நீலச்சிறகி 364, இனம் தெரியாத வாத்து 168. மாதிரி இடங்களை ஓரத்தில் மட்டும் எடுத்தால் விகிதம் பிழைக்கும். ஒரே இனம் ஒன்றாக ஒதுங்கி நிற்பது வழக்கம், அதனால் நடு, முன், பின் எல்லாம் வர வேண்டும்.

இனம் தெரியாதவற்றை அப்படியே எழுதுவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. "வாத்து, இனம் தெரியவில்லை – 168" என்பது உண்மை. அவற்றை ஊகத்தில் ஊசிவாலில் சேர்த்தால் அது பொய். நாணலுக்குள் கூவும் பறவைகளும் இப்படியே: கேட்டது மூன்று என்றால் மூன்று. "உள்ளே இன்னும் பத்தாவது இருக்கும்" என்பதைக் குறிப்பில் வேண்டுமானால் எழுதலாம், எண்ணில் ஏற்றக் கூடாது.

இனம் காண்பதில் புதியவர்கள் சறுக்குவது வெள்ளைக் கொக்குகளில். உருவ அளவை மட்டும் நம்பாதீர்கள். தனியாக நிற்கும் கொக்கின் அளவு ஏமாற்றும். சின்னக் கொக்குக்குக் கறுத்த அலகும் கறுத்த கால்களும் மஞ்சள் விரல்களும் உண்டு. உண்ணிக்கொக்கின் மஞ்சள் அலகு குட்டையானது, கழுத்தும் குறுகியது. பெரிய கொக்குக்கும் இடைநிலைக் கொக்குக்கும் அலகின் நிறம் பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதால் வாய்க்கோட்டை, அதாவது அலகு பிளக்கும் இடத்திலிருந்து முகத்தில் பின்னோக்கிப் போகும் கோட்டைப் பாருங்கள். அது கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரிய கொக்கு, கண்ணுக்குக் கீழேயே நின்றுவிட்டால் இடைநிலைக் கொக்கு. மெர்லின் போன்ற செயலிகள் படத்தையும் ஒலியையும் வைத்து இனத்தைச் சொல்லும். அதை ஒரு யோசனையாக எடுத்துக்கொண்டு அடையாளத்தை நீங்களே சரிபாருங்கள்.

எண்ணுவது பறவை பார்க்கும் இன்பத்தைக் கெடுக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. நடப்பது நேர்மாறு. சும்மா பார்க்கும் கண் அழகான ஒன்றில் போய் ஒட்டிக்கொள்ளும். எண்ணும் கண் ஒவ்வொன்றையும் கடந்தாக வேண்டும். ஆண்டி வாத்துகள் வட்டமாகச் சுழன்று அடிநீரைக் கலக்கி இரை வடிகட்டுவதும், முக்குளிப்பானின் முதுகுச் சிறகுக்குள்ளிருந்து குஞ்சு தலை நீட்டுவதும், அந்தக் குஞ்சுக்குத் தாய் தன் இறகையே பிடுங்கி ஊட்டுவதும் அப்போதுதான் கண்ணில் படும். நானூறு நாமக்கோழிகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் அரிய வாத்தும் எண்ணுபவருக்கே கிடைக்கும்.

கலைக்காமல் இருப்பது

பறவை பறந்துபோன பிறகு "கிட்டப் போய்விட்டேன்" என்று உணர்வதில் பயனில்லை. அதற்கு முன்பே அது சொல்லிவிடும். மேய்ச்சல் நின்று தலைகள் நிமிரும், நீரில் இருப்பவை மெதுவாக எதிர்ப்பக்கம் நகரும், குரல் மாறும். முதல் தலை நிமிர்ந்ததுமே நின்றுவிடுங்கள். பெரும்பாலும் சில நிமிடங்களில் மறுபடி மேயத் தொடங்கும், இல்லையென்றால் பத்தடி பின்வாங்குங்கள். வலசைப் பறவைக்கு ஒவ்வொரு வீண் பறத்தலும் பயணத்துக்குச் சேர்த்து வைத்த கொழுப்பிலிருந்துதான் செலவாகிறது.

தலைக்கு மேல் ஆள்காட்டியோ பவளக்கால் உள்ளானோ விடாமல் கத்திக்கொண்டு சுற்றினால் காலடிக்கு அருகே முட்டையோ குஞ்சோ இருக்கிறது. கூட்டைத் தேட வேண்டாம். வந்த தடத்திலேயே, தரையைப் பார்த்தபடி திரும்பி வாருங்கள். மரங்களில் கூட்டமாகக் கூடு கட்டும் நாரை, கொக்குகளின் இடத்துக்குள் நுழையவே கூடாது. பெற்றோர் எழும்பிய சில நிமிடங்களில் முட்டைகள் வெயிலில் வெந்துபோகலாம், காகம் தூக்கிக்கொண்டு போகலாம். அங்கே எண்ண வேண்டியது பறவைகளை அல்ல, பறவை அமர்ந்திருக்கும் கூடுகளை, தொலைவிலிருந்து. பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் ட்ரோன் பறக்கவிடுவதும் வேண்டாம். கூடு இருக்கும் இடத்தைப் பொதுவெளியில் எழுதவும் வேண்டாம்.

செத்த பறவைகள் பல கண்ணில் பட்டால் தொடாதீர்கள். இனவாரியாகத் தனியே எண்ணி, படம் எடுத்து, வனத்துறைக்கும் கால்நடைத் துறைக்கும் உடனே தெரிவியுங்கள். பறவைக் காய்ச்சலாக இருக்கலாம். வெப்பமான நாளில் ஆழமில்லாத நீரில் கழுத்து தொய்ந்து, தலையைத் தூக்க முடியாமல் வாத்துகள் கிடந்தால் பாட்டுலிசம் என்ற நஞ்சேற்றத்துக்கு வாய்ப்பு அதிகம். செத்த உடலில் வளரும் புழுக்களில் அந்த நஞ்சு சேரும், அவற்றைத் தின்னும் பறவையும் சாகும். உரியவர்கள் உடல்களை விரைவாக அகற்றினால் இந்தச் சுழல் அறுபடும், அதனால் தகவல் தாமதிக்கக் கூடாது.

எழுதி வைப்பது

ஒவ்வொரு முறையும்: நாள், தொடங்கிய நேரம், முடித்த நேரம், எத்தனை பேர், எத்தனை ஸ்கோப், நடந்த தூரம், பகுதிவாரி எண்ணிக்கை, வானிலை, நீர்மட்டம், இடையூறு. கடைசி இரண்டும்தான் பெரும்பாலும் விட்டுப்போகும். பின்னால் ஒரு சரிவுக்குக் காரணம் தேடும்போது முதலில் தேவைப்படுவதும் அவைதான். பறவையே இல்லாத நாளையும் பதியுங்கள். சுழியமும் கணக்கு.

கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002 முதல் நடத்தும் ஈ-பேர்ட் தளத்தில் ஏற்றினால் உங்கள் பட்டியல் ஆய்வாளர்களுக்கும் போய்ச் சேரும். அங்கே மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, கண்டதும் கேட்டதுமான எல்லா இனத்தையும் எழுதியிருந்தால் மட்டுமே பட்டியலை முழுமையானது என்று குறிக்க வேண்டும். பிடித்த பறவைகளை மட்டும் எழுதிவிட்டு முழுமை என்றால், எழுதாதவை அங்கு இல்லை என்று கணக்காகிவிடும். இரண்டாவது, 30 மீட்டருக்கு மேல் நகராமல் ஒரே இடத்தில் நின்று பார்த்ததும் நடந்து பார்த்ததும் வெவ்வேறு வகைப் பட்டியல்கள். ஆகவே நிற்குமிடத்துக்கு ஒரு பட்டியலாகப் பிரித்து எழுதுவது நல்லது. மூன்றாவது, எண்ணுக்குப் பதில் எக்ஸ் போட வசதி உண்டு. இருந்தது என்பதைத் தவிர அது எதையும் சொல்லாது. சுமாரான எண் கூட அதைவிட மேல். வழக்கத்துக்கு மிஞ்சிய எண்ணை ஏற்றினால் சரிபார்ப்பவர் விளக்கம் கேட்பார். "ஐம்பது ஐம்பதாக எண்ணியது, படம் உண்டு" என்று அங்கேயே எழுதிவிட்டால் வேலை முடிந்தது.

மாதம் ஒருமுறை, அதே இடங்கள், அதே நேரம். முடியாதவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை, ஆசியக் கணக்கெடுப்பு நடக்கும் ஜனவரியில். பொய்யான ஏற்ற இறக்கங்கள் பெரும்பாலும் முயற்சி மாறுவதால் வருபவை. புது ஸ்கோப் வந்த ஆண்டு உள்ளான்கள் "பெருகும்", அனுபவசாலி வராத ஆண்டு "குறையும்". இன்னொரு பொறி நீர்மட்டம். சுற்றியுள்ள குளங்கள் வற்றினால் நீர் எஞ்சிய ஏரியில் பறவைகள் வந்து குவியும். அதைப் பாதுகாப்பின் வெற்றி என்று கொண்டாடிவிடக் கூடாது. ஓர் ஏரியில் குறைந்ததை வைத்து இனமே குறைந்தது என்று சொல்லவும் முடியாது. அதற்குப் பல இடங்களின் பல ஆண்டுக் கணக்கு வேண்டும்.

ஆனால் அந்த ஓர் ஏரிக்குள் என்ன செய்யலாம் என்பதற்குப் பகுதிவாரிக் கணக்கு நல்ல ஆயுதம். கொசு உள்ளானுக்கு ஈரச் சேறும் இரண்டு மூன்று செ.மீ. நீரும் வேண்டும். பவளக்கால் உள்ளான் இன்னும் கொஞ்சம் ஆழத்தில் நடக்கும். பின்புறத்தைத் தூக்கித் தலையை அமிழ்த்தி மேயும் வாத்துக்கு ஏறத்தாழ 30 செ.மீ. நீர் போதும். நீர்க்காகத்துக்கு அதைவிட ஆழம் தேவை. ஏரி முழுவதையும் ஒரே ஆழத்துக்குத் தூர்வாரும் திட்டம் வந்தால், "ஏரியில் பறவைகள் உள்ளன" என்று மனு கொடுப்பதைவிட, கரைப்பறவைகளில் பெரும்பங்கு மூன்றாம் பகுதியின் சரிவான கரையில்தான் மேய்கின்றன என்று மூன்று ஆண்டு எண்களோடும் வரைபடத்தோடும் காட்டுவது எடுபடும். அந்தக் கரையை மட்டும் விட்டுவிட்டு மற்றதைத் தூர்வாருங்கள் என்று கேட்கலாம்.